மரு வைத்த வீடுகள்

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. கேப் காட் முனைக்குத் தெற்கே சுமார் முப்பது மைல் தள்ளி அட்லாண்டிக் கடலில் கிடக்கிற நான்டக்கெட் தீவுக்கான சட்டம் அது. தீவின் இரண்டு பழைய குடியிருப்புகளில், அதாவது துறைமுக நகரத்திலும் கிழக்குக் கரையில் உள்ள சியாஸ்கான்ஸெட் கிராமத்திலும், ஒரு கமிஷனின் சம்மதம் இல்லாமல் யாரும் தம் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றக்கூடாது என்றாயிற்று. அதே 1955இல் வின்ஸென்ட் ஸ்கல்லி என்ற கட்டடக்கலை வரலாற்றாசிரியர் 'ஷிங்கிள் ஸ்டைல்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பழைய காலனிக் குடியேறிகளின் மரவீடுகளைப் பார்த்துப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்கக் கட்டடக்காரர்கள் புதிதாக ஒன்றை எப்படி உருவாக்கினார்கள் என்பது அந்தப் புத்தகத்தின் விஷயம். சட்டம் பழையதை அசையாமல் நிறுத்தி வைக்கப் பார்த்தது. புத்தகமோ பழையது எப்படி அசைந்தது என்று சொன்னது. ஒரே ஆண்டில் இரண்டும் வந்தது தற்செயல்தான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் நான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. போகாமல் எழுதுவதில் எனக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 'மோபி டிக்' 1851இல் வெளியானபோது மெல்வில் நான்டக்கெட்டில் கால் வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டுதான், மாமனாரோடு, போய்ப் பார்த்தார். எனக்குக் கப்பல் அனுபவமும் கிடையாது. வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களைப் பிரித்து அடுக்குகிற மேஜை என்னுடையது. பாஸ்டனில் இருக்கும் என் அத்தான், அத்தை மகன், ஒரு கோடையில் சியாஸ்கான்ஸெட்டில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துக் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து எழுதியிருந்தார்: நிலை இடித்து மூன்று முறை தலை வீங்கியது, படுக்கையறையில் கட்டில் போட்டால் நிற்க இடமில்லை, இந்தக் குடிசைகளை ஏன் இடித்துவிட்டு ஒழுங்காகக் கட்டமாட்டேன் என்கிறார்கள், இவற்றுக்குப் போய் இவ்வளவு வாடகையா? கூடவே நாலைந்து போட்டோக்கள். அந்தப் போட்டோக்களில் ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

தீவின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், மற்றவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். 1659இல் தாமஸ் மேஹ்யூ என்பவர் முப்பது பவுனுக்கும் இரண்டு பீவர்த் தோல் தொப்பிகளுக்குமாகத் தீவை ஒன்பது பேருக்கு விற்றார். (அங்கே ஏற்கெனவே இருந்த வாம்பனோக் மக்களைப் பற்றிப் பிறகு.) திமிங்கில வேட்டை வளர்ந்தது. திமிங்கில எண்ணெயில் உலகத்தின் விளக்குகள் எரிந்தன. 1840 கணக்கெடுப்பில் தீவின் ஜனத்தொகை ஒன்பதாயிரத்துக்கு மேல். 1846 ஜூலையில் பெரும் தீ நகரத்தின் நடுப்பகுதியை எரித்தது. துறைமுக வாயிலில் மணல் திட்டு ஏறிப் பெரிய கப்பல்கள் நுழைய முடியவில்லை. 1849இல் கலிபோர்னியாத் தங்கம் இளைஞர்களை இழுத்துக்கொண்டது. 1859இல் பென்ஸில்வேனியாவில் தரைக்கடியிலிருந்தே எண்ணெய் வந்துவிட்டது. 1869இல் கிளம்பிய 'ஓக்' என்ற கப்பல்தான் கடைசித் திமிங்கிலக் கப்பல். அது திரும்பி வரவில்லை. 1870இல் ஜனத்தொகை 4,123. வீடுகள் காலி. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழையவை அப்படியே நின்றன. பாதுகாப்பு, பாரம்பரியம் என்றெல்லாம் இன்று பேசப்படுவதன் அஸ்திவாரம் இந்த வறுமைதான். வறுமையைப்போலப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றியது வேறெதுவுமில்லை என்று நினைக்கிறேன்.

சியாஸ்கான்ஸெட் (ஊர்க்காரர்கள் முன்பாதியை விழுங்கி 'ஸ்கான்ஸெட் என்பார்கள்) ஊராகத் தொடங்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், நகரத்திலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி, காட் மீன் பிடிக்கவும் கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்கவும் ஆட்கள் வந்து சில வாரங்கள் தங்கிய மேட்டுக்கரை அது. தங்குவதற்கு ஒரு கொட்டகை. அதற்கு அழகு வேண்டியதில்லை. காற்று அடிக்கும்போது பறக்காமலிருந்தால் போதும். ஹென்றி சான்ட்லீ ஃபார்மன் என்ற ஆய்வாளர் இவற்றை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, 1966இல் புத்தகமாகப் போட்டார். அவர் காட்டுகிற அமைப்பு இதுதான். ஒரே ஒரு 'பெரிய அறை'. பெரிய என்பது மரியாதைக்கு. அதன் ஒரு கோடியில் இரண்டு சின்னஞ்சிறு படுக்கைப் பொந்துகள். அவற்றின் மேல், ஏணி வைத்து ஏறும் ஒரு பாதிப் பரண். சுவர் என்பது பல குடில்களில் செங்குத்தாக நிறுத்திய பலகைகளே. வெளியே அதன்மேல் ஷிங்கிள் என்கிற மெல்லிய மர ஓடுகள், மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று. வெண் சீடர் மரத்தில் பிளந்த அந்த ஓடுகளுக்குச் சாயம் கிடையாது. உப்புக்காற்றில் அவை தாமாகவே சாம்பல் நிறமாகிவிடும்.

பிறகு மனைவிமார் வரத் தொடங்கினார்கள். சமையலுக்கு இடம் வேண்டும்; பின்பக்கம் ஒரு சார்ப்பு இறங்கியது. குழந்தைகள் வந்தன, பக்கவாட்டில் ஒரு ஒட்டறை. இன்னொரு உறவுக்காரர் வந்தார், இன்னொரு ஒட்டறை. இந்த ஒட்டறைகளுக்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு: 'மரு'. முகத்தில் முளைக்கிற அதே மரு. தங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவு பிரமையில்லாமல் பேசிய ஜனங்களை நான் மதிக்கிறேன். மரு முளைத்து முளைத்துக் கூரைகள் ஒன்றோடொன்று மோதி, ஒவ்வொரு வீடும் ஒரு கோணல். அந்தக் கோணலைத்தான் இன்று 'பாரம்பரிய குணம்' என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீவில் மரம் அருமை. ஆகவே வீட்டை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் கிடையாது, வீட்டையே கொண்டுபோனார்கள். சட்டகத்தைக் கழற்றி எடுத்துப் போய் வேறிடத்தில் பூட்டுவார்கள், அல்லது முழுசாகவே மாடுகட்டி இழுப்பார்கள். வடக்கே சஸாச்சச்சா என்ற மீனவக் குடியிருப்பு கைவிடப்பட்டபோது அதன் வீடுகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கான்ஸெட்டுக்கு இப்படி வந்து சேர்ந்தன. பழைய உத்திரம் புது வீட்டில் கைமரமாகும். உடைந்த கப்பலின் பெயர்ப்பலகை வாசலுக்கு மேலே ஏறும். 1675 வாக்கில் கட்டியது என்று சொல்லப்படும் ஒரு வீடு பிராட்வே தெருவில் நிற்கிறது. எந்தப் பலகை எந்த ஆண்டு என்று கேட்டால் அந்த வீட்டுக்கே தெரியாது.

1880களில் எட்வர்ட் அண்டர்ஹில் வருகிறார். என்னை இந்த விஷயத்தில் தூங்கவிடாமல் செய்தவர் இவர்தான். நியூயார்க் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துக்காரர். அதற்கு முன்னால் பத்திரிகை நிருபர். பிறர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எடுத்து எழுதுவது தொழில். ஸ்கான்ஸெட்டைப் பார்த்தவர் அங்கே நிலம் வாங்கி, பழைய மீனவக் குடில்களின் ஜாடையிலேயே முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டினார். தாழ்ந்த கூரை, சாம்பல் ஓடு, பொந்து அறை எல்லாம் உண்டு. மரு உட்பட. தெருக்களில் ஒன்றுக்கு மனைவி பெயர், ஒன்றுக்கு மகள் பெயர். தட்டுமுட்டுச் சாமான்களோடு கோடைக்கு வாடகைக்கு விட்டார். ரயிலும் அந்த மேட்டுக்கரைவரை 1884இல் வந்துவிட்டது. நியூயார்க் நாடக நடிகர்கள் வேனிலில் கொட்டகை மூடும் மாதங்களில் வந்து குவிந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். மரு என்பது குடும்பம் பெருகப் பெருகத் தானாக முளைத்தது. அண்டர்ஹில்லோ குடித்தனக்காரன் வருவதற்கு முன்பே, பிறக்காத குழந்தைக்காக, வரைபடத்திலேயே மரு வைத்தார். இது போலி இல்லாமல் வேறென்ன? சில வருஷங்களுக்கு முன்னால் இதே பக்கங்களில் ஒரு நண்பருடைய கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது நான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆசிரியப்பாவின் ஓசையை வாங்கிக்கொண்டு அவர் எழுதியவை, அந்த ஓசை தேவைப்பட்ட வாழ்க்கை இல்லாமல் எழுதப்பட்டவை. இடிந்த வீட்டு ஓட்டை விலைக்கு வாங்கித் தன் மாடியில் வேய்ந்த கூரை என்று எழுதினேன். உபமானம் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. நண்பர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

இப்போது பாருங்கள். அண்டர்ஹில் கட்டிய வீடுகளுக்கு இன்று நூற்று நாற்பது வயதுக்குமேல் ஆகிறது. அவற்றின்மேலும் கொடிரோஜா படர்ந்திருக்கிறது. (கூரையேறும் அந்த ரோஜாவைத்தான் எல்லோரும் ஸ்கான்ஸெட்டின் ஆத்மா என்று போட்டோ எடுக்கிறார்கள். அது கோடை விருந்தாளிகளோடு வந்தது. மீன் பருவத்துக்கு மட்டும் வந்துபோனவன் ரோஜா வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டான்.) அத்தான் அனுப்பிய போட்டோக்களில் எது மீனவன் கட்டியது, எது சுருக்கெழுத்துக்காரர் கட்டியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது மட்டுமில்லை. மீனவக் குடில்கள் கொட்டகைகளாக இல்லாமல் வடிவங்களாக முதன்முதல் ஒருவர் கண்ணுக்குப் பட்டது அண்டர்ஹில் காலத்தில்தான். 1886இல் அந்த ஒட்டுப்போட்ட கிராமத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் நகலெடுத்திராவிட்டால் மூலம் இடிந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூலத்தை மூலம் என்று பார்க்கும் கண் நகலெடுத்தவனுக்குத்தான் வந்தது. அந்தக் கண் எனக்கு அன்று இருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். 1955இல் இரண்டு குடியிருப்புகளுக்கு வந்தது, 1970களின் தொடக்கத்தில் தீவு முழுமைக்கும் விரிந்தது. 1978இல் வழிகாட்டிப் புத்தகம் வேறு வந்தது: கூரைச் சரிவு இப்படி, ஜன்னல் கண்ணாடிக் கட்டங்கள் இப்படி, சாயம் இந்த நிறங்களுக்குள். இதனால் நன்மை இல்லை என்று சொல்பவன் அமெரிக்கக் கடலோரத்தின் மற்ற ஊர்களைப் பார்க்காதவன். ஆனால் அந்தக் கமிஷனுக்கு அதிகாரம் பொதுவழியில் நின்று பார்த்தால் தெரிகிற வெளிப்பக்கத்தின்மேல் மட்டும். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செய்தார்கள். 1990களில் பணம் கொட்டத் தொடங்கியதும், வீடு வாங்குகிறவர்கள் சட்டகத்தையும் வெளி ஓட்டையும் மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த சுண்ணாம்புப் பூச்சு, பலகைச் சுவர், மாடிப்படி, கணப்படுப்பு அத்தனையையும் வழித்துக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். கருவாட்டுக்கு மீனைக் குடல் எடுப்பதுபோல. 2000இல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை அமெரிக்காவில் அதிக ஆபத்திலிருக்கும் பதினோரு வரலாற்று இடங்களின் பட்டியலில் நான்டக்கெட்டைச் சேர்த்தது. சட்டம் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! தெருவில் நடந்துபோகிறவனுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. உள்ளடக்கம் போய் உருவம் மட்டும் மிஞ்சுவது என்று நாம் காபிக் கடையில் பேசுவதை அங்கே கொத்தனும் தச்சனும் நிஜமாகவே செய்து காட்டியிருக்கிறார்கள்.

சரி, ஒழுங்காகப் பழுதுபார்ப்பது என்றால் என்ன? எனக்கு இதில் புத்தக ஞானம் மட்டுமே. ஆனால் என் மேஜைக்கு வரும் எஞ்சினியர் மதிப்பீடுகளைப் படித்துப் படித்து எதைக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் தெரியும். மரவீட்டின் உயிர் அதன் அடிச்சட்டத்தில், தரையோடு படுத்திருக்கும் கனத்த மரத்தில் இருக்கிறது. ஈரம் முதலில் அதைத்தான் தின்னும். வீட்டை ஜாக்கி கொடுத்துச் சில அங்குலம் தூக்கி, உளுத்துப்போன பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதே அளவுப் புதுமரத்தைப் பழைய மரத்தோடு கோத்து இணைத்து, வீட்டை மெல்ல இறக்க வேண்டும். மேலே உள்ள பூச்சில் விரிசல் விடாமல். ஓடுகள் இருபது முப்பது வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியவையே. ஆக, சட்டம் பொத்திப் பாதுகாக்கும் வெளிப்புறம்தான் வீட்டின் மிக இளைய பாகம். பழைய ஜன்னலைத் தூக்கிப் போடாமல், சட்டத்தைப் பிரித்து, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த லப்பம் வைத்துக் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தலாம். அந்தப் பழைய கண்ணாடியில் கடல் லேசாக நெளிந்து தெரியும்.

இதுவரை பிரச்னை இல்லை. கஷ்டம் எங்கே வருகிறதென்றால், வீடு கோடை வீடு. பலகை, ஓடு, அவ்வளவுதான் சுவர். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். நனைந்த மரம் அதனால்தான் உலர்ந்தது. உலர்ந்ததால்தான் நூறு இருநூறு வருஷம் நின்றது. குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இன்று வாங்குகிறவருக்குப் பன்னிரண்டு மாதமும் வேண்டும். குளிரைத் தடுக்கப் பலகைக்கு உள்ளே பஞ்சோ நுரையோ அடைக்க வேண்டும். அடைத்தால் பழைய பலகைச் சுவர் புதுச் சுவருக்குப் பின்னால் மறையும். அதைக் காட்ட வேண்டுமென்று வெளிப்பக்கம் அடைத்தால் சுவர் தடித்து, ஜன்னல்கள் கண் உள்ளே போன நோயாளி மாதிரி குழிவிழும். இரண்டில் எதைச் செய்தாலும், ஈரம் வெளியேற வழிவிடாமல் அடைத்தால், மரம் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் பழையதைவிடச் சீக்கிரம் உளுக்கும். வீட்டை வசதியாக்குகிற அதே காரியம் வீட்டைக் கொல்கிறது. இதற்கு ஒரு சமாதானமும் கிடையாது. சிலர் பழைய பாகத்தைக் கோடைக்கு என்று சூடேற்றாமல் விட்டுவிட்டு, பின்னால் ஒரு புதுப் பாகம் கட்டி அதில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். அதாவது, இன்னொரு மரு. எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

ரஸ்கின் 1849இலேயே புதுப்பித்தல் என்பது பொய் என்று வாதாடிவிட்டார். இறந்ததை எழுப்ப முடியாது, நாள்தோறும் பராமரி, முடியாதபோது விழட்டும் என்பது அவர் கட்சி. பிரான்சில் வியொல்லெ-ல-டூக் நேர் எதிர்: எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கட்டடத்தைக் கொண்டுவரலாம் என்றார். வில்லியம் மாரிஸ் 1877இல் ரஸ்கின் பக்கம் நின்று ஒரு சங்கமே தொடங்கினார். மூவரும் பேசியது பெரும்பாலும் கல் கோயில்களைப் பற்றி, ஒரு கர்த்தாவும் ஒரு காலமும் இருந்ததாக நம்பக்கூடிய கட்டடங்களைப் பற்றி. மாடுகட்டி இழுத்துவந்த, கப்பல் பலகை ஒட்டிய, யாரும் ஒருபோதும் 'முடித்து' வைக்காத ஒரு மீனவக் குடிலை அவர்கள் முன் வைத்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? எந்த ஆண்டுக்குத் திருப்புவது? 1700க்கா? சமையல் சார்ப்பு போய்விடும். 1850க்கா? ரோஜா போய்விடும். எங்கள் வங்கி மனுவில் 'புதுக் கட்டடம்', 'பழுது' என்று இரண்டே கட்டங்கள். மதிப்பீட்டில் பழைய மரத்துக்கு எதிரே பெரும்பாலும் பூஜ்யம்தான் எழுதியிருக்கும். முத்திரை குத்துகிறவன் நான்.

வாம்பனோக் மக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1763–64இல் ஒரு கொள்ளைநோய் வந்தது. தீவில் அப்போதிருந்த 358 வாம்பனோக்குகளில் 222 பேர் இறந்தார்கள். சியாஸ்கான்ஸெட், சஸாச்சச்சா என்ற பெயர்கள் அவர்கள் மொழி. கரையிலிருந்து திமிங்கிலம் பிடித்த படகுகளில் துடுப்புப் போட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள். அவர்கள் குடிசை ஒன்றுகூட எந்தக் கமிஷனின் பாதுகாப்புக்கும் மிஞ்சவில்லை. பாதுகாக்கப்படும் வீடுகளைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் படித்தேன். இந்த விஷயம் ஒரு பத்தியில் வந்துபோனது, இங்கேயும் அப்படித்தான் வந்துபோகிறது. அதேபோல, மீன்பிடித்தொழிலுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளை இன்று ஒரு மீன்பிடிப்பவன் வாங்க முடியாது. பழுதுபார்க்க வரும் தச்சர்களில் பலர் வீட்டு விலை தாங்காமல் கேப் காடிலிருந்து தினம் படகேறி வந்து போகிறார்கள்.

மேட்டுக்கரை இப்போது கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. 2013–14இல் ஸ்கான்ஸெட்டுக்கு வடக்கே கரையடியில் மணல் அடைத்த ராட்சதக் குழாய்ப் பைகளை வரிசையாகப் போட்டார்கள். கடலைத் தடுப்பதா, கரையை அதன் போக்கில் விடுவதா என்று ஊரே இரண்டுபட்டது. விளிம்பிலிருந்த சில வீடுகளை இடித்தார்கள். சிலவற்றை அடியில் இரும்பு உத்திரம் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தில் ஏற்றி, உள்ளே தள்ளி வைத்தார்கள். 1850இல் கட்டிய ஸான்கட்டி கலங்கரை விளக்கத்தையே 2007இல் இப்படித்தான், முழுசாக, சுமார் நானூறு அடி நகர்த்தினார்கள். அத்தானுக்கு இதை எழுதினேன். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஜனங்களா என்று ஆச்சரியப்பட்டுப் பதில் போட்டிருக்கிறார். அடுத்த கோடைக்கு அதே வீட்டைக் கேட்டிருக்கிறாராம்.